பிரிண்டர் எதிரில் இருக்கிறது, கணினி இல்லையென்கிறது: பெயர், முகவரிக் கோளாறுகளை நீக்கும் வழிமுறை

சிறு அலுவலகங்கள், அச்சகங்கள், பள்ளிக் கணினிக்கூடங்கள் ஆகியவற்றிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "நெட் வரவில்லை" என்றோ "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்றோதான் தொடங்குகின்றன. நேரில் போய்ப் பார்த்தால் இணைய இணைப்பில் குறை இருக்காது. பிரிண்டரும் நன்றாகவே இருக்கும். ஒரு கருவியின் பெயரைக் கொண்டு அது இருக்கும் இடத்தைக் கண்டறியும் ஏற்பாடு மட்டும் பழைய விவரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் மூன்று அடையாளங்கள் உண்டு. நாம் வைத்த பெயர் ஒன்று. இந்த வலையமைப்பில் அது இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் ஐபி முகவரி இரண்டாவது, இது மாறக்கூடியது. தயாரிப்பாளரே வன்பொருளில் பதித்து அனுப்பும் மேக் முகவரி மூன்றாவது. கீழே உள்ள அறிகுறிகளில் ஏறத்தாழ எல்லாமே இம்மூன்றில் ஏதோ இரண்டுக்கு இடையிலான தொடர்பு அறுந்ததால் வருபவை. எந்தத் தொடர்பு அறுந்தது என்று தெரியும்வரை எதையும் மாற்றாமல் இருப்பதே பாதி வேலை. ஊசியை நுழைத்து ரவுட்டரை ரீசெட் செய்வது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் அதைச் செய்த மறுநொடியே பழைய முகவரிப் பட்டியல் முழுவதும் அழிந்து, ஒரு கோளாறு ஐந்தாகிவிடும்.

விண்டோஸ் கணினிகளை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருந்தாலும், கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்.

## எதையும் தொடும் முன்: மூன்று பிங்

முதலில் "ஐபிகான்ஃபிக் /ஆல்" என்ற கட்டளையைக் கொடுத்து, அதில் வரும் கணினியின் ஐபி முகவரி, டீஃபால்ட் கேட்வே (வெளியுலகுக்கு வாசலான ரவுட்டரின் எண்), டிஎன்எஸ் சர்வர் (பெயரைக் கேட்டு அதற்குரிய எண்ணைச் சொல்லும் கணினி) ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, ஒரு கருவி பதில் தருகிறதா என்று சோதிக்கும் "பிங்" கட்டளையை இந்த வரிசையில் கொடுங்கள்: கேட்வே எண், கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8, நன்கு தெரிந்த ஓர் இணையதளத்தின் பெயர்.

கேட்வேயிலிருந்தே பதில் வராவிட்டால் கோளாறு உங்கள் அறைக்குள் இருக்கிறது. அறிகுறி 2, 3 ஆகியவற்றுக்குச் செல்லுங்கள். கேட்வே பதில் தந்து 8.8.8.8 பதில் தராத நிலை சில கணினிகளில் மட்டும் இருந்தால் அறிகுறி 3; எல்லாக் கணினிகளிலும் இருந்தால் இணைப்பு வெளியே அறுந்திருக்கிறது. பைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இணைப்பு தரும் நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான், நீங்கள் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. இரண்டு எண்களும் பதில் தந்து பெயர் மட்டும் திறக்காவிட்டால் அறிகுறி 6. மூன்றும் பதில் தந்து, அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு கருவி மட்டும் அகப்படாவிட்டால் அறிகுறி 1 அல்லது 4.

## அறிகுறி 1: பிரிண்டர் இயங்குகிறது, கணினியில் "ஆஃப்லைன்" என்று காட்டுகிறது

மிக எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். பழைய விண்டோஸ் பதிப்புகளில், அச்சு வரிசைச் சாளரத்தின் மெனுவில் "யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்" என்ற வரியில் யாரோ டிக் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் தேங்கி நின்ற தாள்கள் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரும். ஆகவே முதலில் வரிசையில் தேவையற்றதை அழித்துவிடுங்கள்.

அது காரணமில்லையென்றால், பிரிண்டரின் பொத்தான் பலகையிலிருந்தே அதன் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தை அச்சிடுங்கள். அதில் பிரிண்டரின் இன்றைய ஐபி முகவரி இருக்கும். பிறகு கணினியில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் சாளரத்தின் போர்ட்ஸ் பகுதியைத் திறந்து, கணினி எந்த எண்ணை நம்பிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

### இரண்டு எண்களும் வேறுபட்டால்

இதுதான் நான் அதிகம் பார்த்த காரணம். ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற ஏற்பாடு ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத் தருகிறது. சாதாரண நாட்களில் கருவி பழைய எண்ணையே மறுபடி கேட்கும், ரவுட்டரும் அதையே கொடுக்கும்; அதனால் பல மாதங்களுக்கு எண் மாறவே மாறாது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. நீண்ட விடுமுறைக்கு அலுவலகம் மூடப்பட்டாலோ, ரவுட்டர் மாற்றப்பட்டாலோ, பிரிண்டரின் பழைய எண் வேறொருவரின் கைப்பேசிக்குப் போய்விடும்.

ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி காலையில் என்னை அழைத்தார்கள். கணினியின் பட்டியலில் ஒரே பிரிண்டர் ஏழு பெயர்களில் இருந்தது. "நகல் 1", "நகல் 2" என்று விண்டோஸே எண்ணிட்டு வைத்திருந்தது. எண் மாறிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பிரிண்டரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார், பழையதை நீக்கவில்லை. ஏழு பெயர்களும் அந்தப் பிரிண்டர் எப்போதோ இருந்த ஏழு இடங்கள். அவற்றில் எது இன்றைய இடம் என்று ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

பிரிண்டரை மீண்டும் சேர்ப்பது அன்றைய பொழுதைத் தள்ளும் வழி. நிலையான தீர்வு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்ற இடத்துக்குச் சென்று, பிரிண்டரின் மேக் முகவரியையும் அதற்கு நீங்கள் விரும்பும் ஐபி முகவரியையும் சேர்த்துப் பதிவதாகும். இதன்பின் அந்த எண்ணை ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காது. பிரிண்டரின் பலகையிலேயே நிலையான எண்ணைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் அந்த எண் ரவுட்டர் வாடகைக்குத் தரும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். முகவரியின் கடைசிப் பகுதியில் வரம்பு 100 முதல் 199 வரை என்றால், பிரிண்டருக்கு 20 அல்லது 210 போன்ற எண்ணைத் தர வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்ட இடங்களில்தான் அறிகுறி 3இல் சொல்லும் முகவரி மோதல் வருகிறது. நான் ரவுட்டர் வழியையே விரும்புகிறேன், ஏனெனில் எல்லா எண்களும் ஒரே பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலைத் தாளில் எழுதி ரவுட்டர் இருக்கும் பலகையின் பின்புறம் ஒட்டிவையுங்கள்; ரவுட்டர் மாறும் நாளில் அந்தத் தாள்தான் மிஞ்சும்.

எண்ணை நிலைப்படுத்திய பிறகு, கணினியில் "ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்" என்ற வகையில் அந்த எண்ணைக் கொடுத்துப் பிரிண்டரைச் சேர்த்துவிட்டு, பழைய நகல்கள் அனைத்தையும் நீக்கிவிடுங்கள்.

### இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தால்

அந்த எண்ணுக்குப் பிங் கொடுங்கள். பதில் வந்தும் ஆஃப்லைன் என்றே காட்டினால், போர்ட் அமைப்பில் "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்" என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துப் பாருங்கள். பிரிண்டரின் நலத்தை விசாரிக்கக் கணினி அனுப்பும் கேள்விக்குப் பதில் வராவிட்டால், பிரிண்டரே இல்லையென்று அது முடிவு செய்துகொள்ளும். போர்ட்டின் வகை "டபிள்யூஎஸ்டி" என்று இருந்தால், எண்ணைக் கொண்டு தேடாமல் பிரிண்டரின் அறிவிப்பைக் கேட்டே அதைக் கண்டுபிடிக்கும் முறை அது. வைஃபை வலுவற்ற இடங்களில் இந்த அறிவிப்பு அடிக்கடி தவறிப்போகும். மேலே சொன்ன டிசிபி/ஐபி வகைக்கு மாற்றிவிடுங்கள்.

### அச்சு வருகிறது, ஸ்கேன் மட்டும் கணினிக்கு வரவில்லை என்றால்

இது தலைகீழ் நிலை. இங்கே பிரிண்டர்தான் கணினியைத் தேடுகிறது. பெரிய நகலெடுப்பான்களின் முகவரிப் புத்தகத்தில், ஸ்கேன் கோப்புகள் சேர வேண்டிய கணினியின் எண் எழுதப்பட்டிருக்கும். கணினியின் எண் மாறியிருந்தால் ஸ்கேன் போய்ச் சேராது. அந்தக் கணினிக்கும் ரவுட்டரில் ஓர் எண்ணை ஒதுக்கி, முகவரிப் புத்தகத்தைத் திருத்துங்கள். எண் சரியாக இருந்தால், அக்கணினியின் கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள்.

### நிபுணரை அழைக்கும் கட்டம்

லேன் கேபிளை மாற்றி, கேபிள்கள் வந்து சேரும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்ச்சில் வேறு துளையில் செருகிப் பார்த்த பின்னும் பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தில் 0.0.0.0 என்றே வந்தால் அதன் நெட்வொர்க் அட்டை பழுதாகியிருக்கலாம். பிரிண்டர் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். அதுவரை யுஎஸ்பி கேபிளில் இணைத்து வேலையைப் பார்க்கலாம்.

## அறிகுறி 2: கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது

இந்த எண்ணை யாரும் கொடுக்கவில்லை; கேட்டுக் கேட்டும் யாரும் கொடுக்காததால் கணினி தானே சூட்டிக்கொண்டது. கேபிள் தளர்ந்திருக்கலாம், ஸ்விட்ச்சின் மின் அடாப்டர் செத்திருக்கலாம், ரவுட்டரின் டிஹெச்சிபி நின்றிருக்கலாம். கேபிளை மறுபடி செருகி, "ஐபிகான்ஃபிக் /ரினியூ" கொடுங்கள். பலன் இல்லையென்றால் அதே கேபிளில் ஒரு மடிக்கணினியைச் செருகுங்கள். மடிக்கணினிக்கும் 169.254 வந்தால் கோளாறு கேபிளிலோ, ஸ்விட்ச்சிலோ, ரவுட்டரிலோ இருக்கிறது. மடிக்கணினிக்குச் சரியான எண் வந்தால் கோளாறு முதல் கணினியில் இருக்கிறது.

சுவருக்குள் ஓடும் கேபிளில்தான் பழுது என்று தெரிந்தால், கேபிள் சோதிக்கும் கருவி உள்ளவரை அழைப்பது மலிவு. எலி கடித்த இடத்தைக் கண்ணால் தேடி அரை நாளைக் கழித்திருக்கிறேன்.

## அறிகுறி 3: பாதிப் பேருக்கு இணையம் வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை

இந்த அறிகுறியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கடந்த சில நாட்களில் யாராவது புதிய கருவி எதையாவது செருகினீர்களா?" என்பது. "இல்லை" என்ற பதில் வந்தால் மறுபடி கேளுங்கள்.

### இரண்டு ரவுட்டர்கள் முகவரி கொடுக்கும்போது

மேல்மாடியில் வைஃபை எட்டவில்லை என்று ஒருவர் வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் துளையில் அலுவலகக் கேபிளைச் செருகிவிடுவார். அந்த நொடியிலிருந்து அலுவலகத்தில் முகவரி கொடுப்பவர்கள் இருவர். கணினி இயங்கத் தொடங்கும்போது யார் முந்திக்கொள்கிறார்களோ அவர் தரும் எண்ணை அது ஏற்கும். பழைய ரவுட்டரிடம் எண் வாங்கிய கணினிகள் அதையே வெளியுலகுக்கு வாசலாகக் கருதும். அந்த வாசலுக்கு அப்பால் இணையம் கிடையாது. கணினியை மறுபடி இயக்கும்போது சிலருக்குச் சரியாகிவிடுவதும், சரியாக இருந்த வேறு சிலருக்கு இணையம் போய்விடுவதும் இதனால்தான். இந்தக் கண்ணாமூச்சியில் ஒரு பள்ளி அலுவலகம் இரண்டு வாரம் கழித்தது.

சோதனை எளிது. இணையம் வரும் ஒரு கணினியிலும், வராத ஒரு கணினியிலும் கேட்வே எண்ணை ஒப்பிடுங்கள். ஒன்றில் 192.168.1.1 என்றும் மற்றதில் 192.168.0.1 என்றும் இருந்தால் ஐயம் தீர்ந்தது. இரண்டு ரவுட்டர்களும் ஒரே எண்ணைத் தம் எண்ணாகக் கொண்டிருந்தால் கேட்வேயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது இரு கணினிகளிலும் "ஆர்ப் -ஏ" என்ற கட்டளையைக் கொடுத்து, கேட்வே எண்ணுக்கு எதிரே உள்ள மேக் முகவரியை ஒப்பிட வேண்டும். எண் ஒன்றாக இருந்தும் மேக் முகவரி வேறாக இருந்தால், ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள் இருக்கின்றன என்று பொருள்.

இரண்டாவது ரவுட்டரைக் கழற்றிவிட்டு எல்லாக் கணினிகளையும் மறுபடி இயக்குங்கள். அது மேல்மாடிக்குத் தேவைதான் என்றால், தனியாக ஒரு கணினியில் இணைத்து, அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, அதன் எண்ணையும் மாற்றிய பிறகு செருகுங்கள். "ஆக்சஸ் பாயிண்ட் மோட்" என்ற தெரிவு இருந்தால் டிஹெச்சிபியை அதுவே நிறுத்திவிடும்.

### இருவர் ஒரே எண்ணில் அமரும்போது

ஒரு கணினியோ பிரிண்டரோ விட்டுவிட்டு வேலை செய்தால், அந்தக் கருவியின் கேபிளைக் கழற்றிவிட்டு, மற்றொரு கணினியிலிருந்து அதன் எண்ணுக்குப் பிங் கொடுங்கள். கழற்றிய பின்னும் பதில் வந்தால், பதில் தருவது வேறு யாரோ. "ஆர்ப் -ஏ" பட்டியலில் அந்த எண்ணுக்குரிய மேக் முகவரியைப் பாருங்கள். அதில் இரண்டிரண்டு எழுத்துகளாக உள்ள ஆறு இரட்டைகளில் முதல் மூன்றும் பொதுவாகத் தயாரிப்பாளரைக் காட்டுபவை. இணையத்தில் தேடினால் அது கேமராவா, கைப்பேசியா, கைரேகை வருகைப்பதிவுக் கருவியா என்பது ஓரளவு தெரிந்துவிடும். என் அனுபவத்தில் கைரேகைக் கருவியே முதல் குற்றவாளி, ஏனெனில் அதைப் பொருத்த வருபவர் யாரையும் கேட்காமல் ஒரு நிலையான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

### நிபுணரை அழைக்கும் கட்டம்

முப்பது, நாற்பது கணினிகளுக்கு மேல் உள்ள இடத்தில் அத்துமீறி முகவரி கொடுக்கும் கருவியைக் கேபிள் கேபிளாகக் கழற்றித் தேடுவது நடைமுறைக்கு ஒத்துவராது. எந்தத் துளையிலிருந்து எந்த மேக் முகவரி பேசுகிறது என்று காட்டும் மேலாண்மை வசதியுள்ள ஸ்விட்ச்சுகள் இருந்தால், அவற்றை அமைத்தவரை அழையுங்கள்.

## அறிகுறி 4: பகிர்ந்த கோப்புறை பெயரால் திறக்கவில்லை

டாலி கணக்கு மென்பொருளை நிறுவிய கணினியையோ, கோப்புகள் வைத்த கணினியையோ மற்றவர்கள் பெயரால் திறக்க முயன்று தோற்கும் நிலை இது. முதலில் பெயருக்குப் பதிலாக அதன் ஐபி முகவரியைக் கொடுத்துத் திறந்து பாருங்கள்.

எண்ணால் திறந்தால் கோப்புறையில் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றுவதில்தான் குறை. இரு கணினிகளிலும் நெட்வொர்க் வகை "பிரைவேட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். "பப்ளிக்" என்றிருந்தால் கணினி தன் பெயரை வெளியே சொல்லாது. அடுத்து, சர்வீசஸ் பட்டியலில் "ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்" என்ற சேவை இயங்குகிறதா என்று பாருங்கள். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை இயல்பாக நிறுவப்படுவதில்லை. நெட்வொர்க் சாளரத்தில் முன்பு தெரிந்த கணினிகள் தெரியாமல் போனதற்குப் பல இடங்களில் அதுவே காரணம். அதை மீண்டும் இயக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். பாதுகாப்பற்றது என்று தெரிந்தே நீக்கப்பட்ட முறை அது, இயக்காதீர்கள். கணினிக்கு ரவுட்டரில் நிலையான எண்ணை ஒதுக்கி, அந்த எண்ணாலேயே குறுக்குவழி அமைத்துவிடுங்கள்.

எண்ணாலும் திறக்காவிட்டால் பெயரின்மீது பழி இல்லை. ஃபயர்வால், அனுமதி, கடவுச்சொல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பெயரால் திறக்கிறது, ஆனால் வேறு ஒரு கணினி திறக்கிறது என்பதும் நடக்கும். பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒரு வட்டைப் படியெடுத்து இருபது கணினிகளில் போட்டால், இருபதுக்கும் ஒரே பெயர் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுங்கள். பழைய முறையில் பெயர் 15 எழுத்துக்கு மேல் போக முடியாது என்பதால், பள்ளியின் முழுப் பெயரை முன்னால் வைத்து எண்ணைக் கடைசியில் வைத்தால் எண் வெட்டுப்பட்டு, எல்லாம் மறுபடி ஒரே பெயராகிவிடும்.

## அறிகுறி 5: நேற்றுவரை அனுமதிக்கப்பட்ட கைப்பேசியை இன்று வைஃபை ஏற்கவில்லை

ரவுட்டரில் மேக் முகவரிப் பட்டியல் வைத்து, அதில் உள்ள கருவிகளுக்கு மட்டும் அனுமதி தரும் அலுவலகங்களில் இது வருகிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைப்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை இயல்பாக வெளியே காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைந்த முகவரியைக் காட்டுகின்றன. கைப்பேசியை ரீசெட் செய்தாலோ, வைஃபையின் பெயர் மாறினாலோ புனைந்த முகவரியும் மாறிவிடும். ரவுட்டருக்கு அது முன்பின் தெரியாத கருவி. அலுவலக வைஃபைக்கு மட்டும் அந்தக் கைப்பேசியில் "டிவைஸ் மேக்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐபோனில் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" என்பதை நிறுத்த வேண்டும். மேக் பட்டியலைப் பூட்டாக நம்பும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கருவியை அடையாளம் காண அது உதவும். கள்ளனைத் தடுக்க உதவாது.

## அறிகுறி 6: எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயர் திறக்கவில்லை

### ஒரே ஒரு கணினியில் மட்டும் என்றால்

"ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்" கொடுங்கள். கணினி நினைவில் வைத்திருந்த பழைய பெயர்-எண் சோடிகளை அது அழிக்கும். பிறகு நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணை யாராவது கையால் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். அது சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே சென்றால் இருக்கும். கணினி வெளியே கேட்பதற்கு முன் இந்தக் கோப்பின் பேச்சைத்தான் நம்பும். திருட்டு மென்பொருளை நிறுவியவர்கள் அதில் வரிகள் எழுதிவிட்டுப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் இப்படி ஒரே கோப்பில்தான் இருந்தன. அது தாங்காமல் போனபோதுதான் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அந்தப் பழங்காலத்தின் எச்சம் உங்கள் கணினியிலும் இருக்கிறது.

### எல்லாக் கணினிகளிலும் என்றால்

"என்எஸ்லுக்கப்" கட்டளையுடன் தளத்தின் பெயரைக் கொடுங்கள். பிறகு அதே கட்டளையில் பெயரை அடுத்து 8.8.8.8 என்றும் சேர்த்துக் கொடுங்கள். முதலாவதற்குப் பதில் இல்லாமல் இரண்டாவதற்குப் பதில் வந்தால், இணைப்பு தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் படுத்துவிட்டது. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 ஆகியவற்றை எழுதினால் அந்த நிமிடமே சரியாகும். எல்லாக் கணினிகளின் உள்நுழைவையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வர் அலுவலகத்தில் இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் பெயர்கள் வெளி சர்வர்களுக்குத் தெரியாததால், மறுநாள் காலை யாரும் உள்நுழைய முடியாமல் போகும்.

ஓர் எச்சரிக்கை: தளத்தின் எண்ணை உலாவியில் நேரடியாகத் தட்டிப் பார்த்து, "எண்ணாலும் திறக்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். எந்தத் தளம் வேண்டும் என்பதைப் பெயர்தான் சொல்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ்களும் பெரும்பாலும் பெயருக்கே வழங்கப்படுவதால், எண்ணால் திறக்கும்போது உலாவி எச்சரிக்கை காட்டுவது இயல்புதான்.

## அறிகுறி 7: தளத்தைப் புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம், சிலருக்குப் பழைய தளமே தெரிகிறது

பெயருக்குரிய எண்ணை எத்தனை நொடிகள் நினைவில் வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு டிஎன்எஸ் பதிவிலும் (ரெக்கார்டு) டிடிஎல் என்ற எண் குறிக்கப்பட்டிருக்கும். அது 86400 என்றால் ஒரு நாள். மாற்றிய பிறகு அதைக் குறைப்பதால் பயன் இல்லை. பழைய எண்ணை ஏற்கெனவே வாங்கிச் சென்றவர்கள் பழைய கெடு முடியும்வரை திரும்பக் கேட்க மாட்டார்கள். பொறுத்திருப்பதும், அதுவரை பழைய ஹோஸ்டிங்கை மூடாமல் வைத்திருப்பதுமே செய்யக்கூடியவை. அடுத்த முறை, மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300ஆகக் குறைத்துவிடுங்கள்.

இரண்டு நாளைக்குப் பின்னும் பழைய தளமே தெரிந்தால் காத்திருப்பது வீண். பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஆக இரண்டு ரெக்கார்டு பலகைகள் இருக்கும். நீங்கள் எதைத் திருத்தினீர்கள் என்பதே கேள்வி. உங்கள் டொமைனின் (தளப் பெயரின்) பதிவில், அதன் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் சர்வராக எந்த நேம்சர்வர் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ, அதன் பலகையில் செய்யும் திருத்தத்துக்கு மட்டுமே உயிர் உண்டு. "என்எஸ்லுக்கப் -டைப்=என்எஸ்" கொடுத்துப் பெயரைத் தந்தால் அது எது என்று தெரிந்துவிடும்.

தளம் புதியதாகத் தெரிந்தும் மின்னஞ்சல் நின்றுபோனால், நேம்சர்வரை மாற்றியபோது, அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் புதிய பலகையில் எழுத மறந்திருக்கிறீர்கள். அதில் எண்ணை எழுதக் கூடாது. அஞ்சல் சர்வரின் பெயரை எழுத வேண்டும். அஞ்சல் தொடர்பான மற்ற ரெக்கார்டுகளும் விடுபட்டிருந்தால், நீங்கள் அனுப்பும் அஞ்சல்கள் ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கும். இங்கே அனுபவம் உள்ளவரை அழைத்துவிடுங்கள்.

தளமும் அஞ்சலும் ஒரே நேரத்தில் மறைந்தால், டொமைன் காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். டாட் காம் போன்ற பெயர்கள் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்கான கட்டணம் புதுப்பிக்கும் கட்டணத்தைவிடப் பல மடங்காக இருக்கும். அதைவிடத் துயரமானது, தளத்தை வடிவமைத்தவர் டொமைனைத் தம் பெயரிலேயே பதிந்துவிட்டுத் தம் கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்ட நிலை. அங்கே வழக்கறிஞரைத் தவிர வேறு நிபுணர் இல்லை.

## அறிகுறி 8: சிசிடிவி அலுவலகத்தில் தெரிகிறது, வெளியிலிருந்து தெரியவில்லை

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்புற ஐபி முகவரியையும், "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் ஒன்றில் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, அந்த எண் முன்பு இருந்ததிலிருந்து மாறியிருந்தால், மாறும் எண்ணைப் பெயரோடு தொடர்ந்து இணைத்துவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றை ரவுட்டரிலோ, கேமராப் பதிவுக் கருவியான டிவிஆரிலோ அமைத்துக்கொள்ளலாம்.

ரவுட்டரில் உள்ள எண் 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால், வெளியுலகில் உங்களுக்கென்று தனி முகவரியே இல்லை. பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் இணைப்பு நிறுவனம் குடிவைத்திருக்கிறது. இந்நிலையில், வெளியிலிருந்து வருவதை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் எவ்வளவு செய்தாலும் பயன் இராது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பது மலிவான வழி. இணைப்பு நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்டு மாதக் கட்டணம் செலுத்துவது விலை உயர்ந்த வழி. கேட்பதற்கு முன், டிவிஆரின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 9: பெயர் பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது, கணினி வேறு என்கிறது

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு வரும் சங்கடம் இது. பகிர்ந்த கோப்புறையில் "ஸ்ரீ" என்று தொடங்கும் ஒரே வாடிக்கையாளர் பெயரில் இரண்டு உறைகள் இருந்தன; ஒன்றில் இந்த ஆண்டுக் கோப்புகள், மற்றதில் சென்ற ஆண்டுக் கோப்புகள். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு உறைகள் இருக்க முடியாது என்பதால், வட்டே கெட்டுவிட்டது என்று அலுவலகத்தில் முடிவு செய்திருந்தார்கள். வட்டில் குறையில்லை. அந்த எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: "ஸ" என்ற எழுத்தைக் கொண்டு ஒரு விதம், 2005இல் சேர்க்கப்பட்ட "ஶ" என்ற எழுத்தைக் கொண்டு மற்றொரு விதம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தெரியும். கணினிக்கோ அவை இரு வேறு பெயர்கள். ஒருவரின் விசைப்பலகை ஒன்றைத் தருகிறது, மற்றவருடையது மற்றதைத் தருகிறது. ஔகாரத்தை ஒற்றை எழுத்தாக அடிக்காமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பவர்களாலும் இதே குழப்பம் வரும்.

சோதிக்க, ஒரு பெயரைத் தட்டச்சிடாமல் நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஓர் உறை மட்டும் அகப்பட்டால் இதுதான் காரணம். கோப்புகளை ஓர் உறைக்கு மாற்றிவிட்டு, மற்றதை நீக்கிவிடுங்கள்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் இணைய முகவரிகளிலும் இதே கவனம் வேண்டும். அம்முகவரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது, எக்ஸ், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னால் நிற்க, பொருளற்ற எழுத்துக்கோவையாகத் தெரிவது கோளாறு அன்று. டிஎன்எஸ்ஸுக்குள் தமிழ்ப் பெயர் பயணம் செய்யும் வடிவமே அதுதான். தமிழ் முகவரி ஒரு கணினியில் திறந்து மற்றொன்றில் திறக்காவிட்டால், இரண்டிலும் இந்த எழுத்துக்கோவையை எடுத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும், இருவரும் தேடிக்கொண்டிருப்பது வெவ்வேறு தளங்களை.